அக்கரைக்குப் போன கழிவு லாரி

பாலம் விழுந்தபோது தான் அதன் மேலேதான் இருந்ததாகச் சொல்லிக்கொள்ள ஜெய்பூட்டிக்கு ரொம்ப ஆசை. இரண்டொரு பேரிடம் சொல்லியும் பார்த்தான். ஆனால் வடதுருவத்தை ஒட்டிக் கிடக்கும் கூகாலுக் மாதிரி ஊரில் யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்பது அவரவருக்குத் தெரியும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் அவன் ஆற்றுக்கு மேற்கே, தன் வீட்டில், கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். ஊர்க் கழிவையெல்லாம் லாரியில் உறிஞ்சி எடுத்துப் போகிறவன், தன் பங்கைச் செலுத்திக்கொண்டிருந்தான். அப்போது தடாலென்று ஒரு சத்தம். வீடே ஆடியது.

"என்னய்யா பண்ற உள்ள?" அவன் மனைவி லீத்தியா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"நான் இல்லடி, சத்தியமா!"

வெளியே ஓடிவந்து பார்த்தால் பாலத்தின் கிழக்குப் பாதி இல்லை. மேற்குப் பாதி ஆற்றுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு குனிந்து கிடந்தது. அக்கரையில் ஜனங்கள் கூடிவிட்டார்கள். இக்கரையிலும் கூடினார்கள். இரண்டு பக்கமும் கையை ஆட்டிக் கத்திக்கொண்டார்கள். ஆற்றின் இரைச்சலில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

ஆகஸ்டு முடியும் நேரம். வழக்கமாக அப்போது ஆறு தூங்கப் போய்விடும். மலைமேல் உறைந்து கிடக்கும் பனியாறு இறுகத் தொடங்க, கீழே தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வற்றி, பிள்ளைகள் நாலு சக்கர ஹோண்டாவில் சர்ரென்று கடப்பார்கள். இந்த வருடம் அந்தச் சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பனி இல்லை, மழை. நாலைந்து நாள் விடாமல் அடித்தது. முன்பெல்லாம் பனியாற்றின் முதுகில் கோடை முடிந்த பிறகும் பழைய பனி மெத்தை மாதிரிக் கிடக்கும். மழை பெய்தால் பாதியை அது குடித்துக்கொள்ளும். சில வருடங்களாக அந்த மெத்தை கோடை நடுவிலேயே கரைந்துபோய், அடியில் இருக்கும் கெட்டிப்பனி பளபளவென்று வழுக்கைத் தலையாக நிற்கிறது. வழுக்கைத் தலையில் ஊற்றினது எங்கே தங்கும்? பெய்த மழை முழுக்க ஒரே பாய்ச்சலில் ஆற்றுக்கு வந்தது. ஊர் உண்டான நாளிலிருந்து கரைக்கடியில் கல்லாக உறைந்து கிடந்த மண், தண்ணீர் பட்டதும் இளகிச் சரிந்தது. பாலத்தின் கிழக்குக் கால் நின்றது அந்த மண்ணில்தான்.

இதை முன்னாலேயே சொல்லவில்லை என்று ஒடிலைக் குற்றம் சொல்ல முடியாது. ஒடில், கோடைதோறும் தெற்கேயிருந்து வந்துபோகும் பெண். ஆற்றில் எண் எழுதிய குச்சிகளை நட்டு, எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளப்பது அவள் வேலை; அந்தக் குச்சிகளை விழுங்குவது ஆற்றின் வேலை. ஊரில் அவள் பெயர் குச்சிக்காரி. ஊர்மொழியைப் புத்தகத்தில் கற்றவள் என்பதால் பாதிரியார் பிரசங்கம் மாதிரிதான் பேசுவாள். "தலைவரே, பாலத்தின் பாதம் உருகுகின்றது" என்று போன வருடமே ஊர்சபையில் எழுந்து நின்று சொன்னாள். பாதம் என்றதும் சபை சிரித்த சிரிப்பில், உருகுகிறது என்ற சொல் யார் காதிலும் விழவில்லை.

இப்போது ஊர் இரண்டாகிவிட்டது. கிழக்கே பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், கூட்டுறவுக் கடை, நூற்றுச் சொச்சம் வீடுகள், குடிநீர் ஏரி, அந்த ஏரியிலிருந்து வீடுவீடாகத் தண்ணீர் ஊற்றும் லாரி. மேற்கே இருபது வீடுகள், கழிவுக்குளம், கழிவு லாரி, அதை ஓட்டும் ஜெய்பூட்டி. உறைந்த மண்ணில் குழாய் புதைக்க முடியாது என்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தொட்டி. ஒன்றில் தண்ணீர் வரும். வந்த தண்ணீர் வேறு உருவெடுத்து மற்றதில் சேரும். இரண்டாவது தொட்டி நிறைந்தால் வெளிச்சுவரில் சிவப்பு விளக்கு எரியும், உடனே முதல் தொட்டியின் பம்பு நின்றுவிடும். வழிந்து நாறக் கூடாது என்று யாரோ ஒரு பொறியாளர் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், லாரி வருகிறவரை.

இரண்டு நாள் தாங்கியது. பிறகு கிழக்கே வீட்டுக்கு வீடு சிவப்பு விளக்கு எரிந்தது. ஏரி ததும்பி நிற்கிறது. தண்ணீர் லாரி ஓட்டும் ஊலூசி வண்டி நிறைய நீரை வைத்துக்கொண்டு ஊற்ற இடமில்லாமல் சுற்றுகிறாள். குழாயைத் திறந்தால் சொட்டு இல்லை.

ஊர்த்தலைவர் மார்க்கோசி ஊர் வானொலியில் பேசினார். "ஜனங்களே, யாரும் பதறாதீங்க. மேலதிகாரிங்களுக்குச் சொல்லியாச்சு. அதுவரைக்கும் எல்லாரும் கொஞ்சம் அடக்கிக்கிட்டு இருங்க."

ஊலூசி உடனே போன் போட்டு, ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்: "எத்தனை நாளைக்கு அடக்கணும் தலைவரே? அதையும் கையோட சொல்லிட்டா சௌகரியமா இருக்கும்."

மேற்கே நிலைமை வேறு. தண்ணீர் லாரி வராவிட்டால் என்ன? கரை தட்டிக் கிடந்த பனிப்பாறையை உடைத்து உருக்கித் தேநீர் போட்டார்கள். ஏரித்தண்ணீரைவிட அது ருசி. கக்கூசுக்குக் கடல்தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றினார்கள். தொட்டி நிறைந்தால் வாசலிலேயே லாரி நிற்கிறது. ஆகவே மேற்குக்கரைக்காரர்களுக்குத் திடீரென்று சொந்தங்கள் பெருகின. ஆற்றுமுகத்தைச் சுற்றிக் கடல்வழியாகப் படகில் வந்தார்கள். வருடக்கணக்கில் பேசாதவர்கள் உலர்த்திய மீனும் பிஸ்கட்டுமாக வந்து, "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று உட்கார்ந்தார்கள். ஒரு வாய் தேநீர். ஒரு இருமல். பிறகு மெதுவாக, "உங்க வீட்டுல அது எந்தப் பக்கம்?"

"நமக்கு இவ்வளவு சொந்தம் இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே" என்றாள் லீத்தியா.

"எனக்கே இப்பதான் தெரியுது."

ஜெய்பூட்டிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அவன் லாரி தெருவில் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளின் தாய்தகப்பன்மார் இன்று அவன் வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். ஊர்ப் பந்தியில் அவனுக்கு எப்போதும் கதவோரமாகத்தான் இடம் விடுவார்கள். இப்போது அவன்தான் எல்லோரையும் உட்கார் என்கிறான், எழுந்திரு என்கிறான்.

நாலாம் நாள் மார்க்கோசியே வந்தார். அவருக்கு அறுபதுக்கு மேல்; ஜெய்பூட்டிக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. ஆனால் மார்க்கோசியின் தாய் அர்னாகுக் இறந்த வாரத்தில் பிறந்தவன் ஜெய்பூட்டி. ஜெய்பூட்டி என்பதோடு அவள் பெயரையும் இவனுக்கு வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்தாயிற்று என்பது அந்த ஊர்க் கணக்கு. தொட்டிலில் கிடந்து வீறிட்ட குழந்தையை மீசை முளைத்த மார்க்கோசி "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். இன்றுவரை அதுதான் அழைப்பு. வேட்டையில் பிடித்த சீல் கடல்நாயில் நல்ல துண்டம் முதலில் இந்த அம்மாவுக்குத்தான் போகும். ஊரையே விரட்டுகிற தலைவர், இந்த ஒருவனிடம் மட்டும் குரல் உயர்த்த முடியாது. ஜெய்பூட்டி அதை வஞ்சனையில்லாமல் பயன்படுத்திக்கொண்டான்.

"அம்மா, நல்லா இருக்கியா?"

"இருக்கேன்டா மகனே. வா. கக்கூஸ் அந்தப் பக்கம்."

"நான் ஒண்ணும் அதுக்கு வரல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

மார்க்கோசி தேநீர் குடித்தார். வானிலை பேசினார். லீத்தியா சுட்ட பானக் என்னும் தடித்த ரொட்டியைப் புகழ்ந்தார். காலை மாற்றிப் போட்டார். மறுபடி மாற்றிப் போட்டார். பிறகு கௌரவத்தைத் தொப்பியோடு சேர்த்து மேசையில் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனார். திரும்பி வந்தபோது முகத்தில் சாந்தி குடிகொண்டிருந்தது, பழைய தலைவராகிவிட்டார்.

"விஷயத்துக்கு வரேன். லாரிய அந்தப் பக்கம் கொண்டு வரணும்."

"எப்படி? முதுகுல கட்டிக்கிட்டா?"

"ஆத்துமுகத்துல. கடல் நல்லா வத்துற நேரம், விடிகாலை. ராத்திரிக் குளிருக்கு மேல பனி இறுகிடும், காலையில ஆத்துல தண்ணி இருக்காது. எங்கப்பா காலத்துலேருந்து ஆறு அப்படித்தான். விடிஞ்சு வெயில் ஏறினாதான் அதுக்கு உசுரு வரும். ஒரே மிதி, அந்தப் பக்கம்."

ஜெய்பூட்டி ரொட்டியை மென்றான். அவசரமே இல்லாமல் மென்றான். "ஊர் கேரேஜ்ல ரெண்டு வண்டி நிறுத்தலாம் இல்ல?"

மார்க்கோசி உஷாரானார். "அதுக்கென்ன இப்போ?"

"ஒரு பக்கம் ஊலூசியோட தண்ணி லாரி. இன்னொரு பக்கம்?"

"அதுல... கொஞ்சம் சாமான் கிடக்கு."

"உன் படகு கிடக்கு. சூடு போட்ட கேரேஜ்ல குளிர்காலம் பூரா உன் படகு சுகமா தூங்குது. என் வண்டி வெளிய நிக்குது. தினமும் விடிஞ்சா நான் நெருப்பு வச்சு ஹோஸைக் காய்ச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். உள்ள உறைஞ்சு கிடக்குறது என்னன்னு உனக்குத் தெரியுமில்ல? போன ஜனவரியில அது இளகி என் பூட்ஸுக்குள்ள போச்சு. உன்னைப் பெத்தவ பூட்ஸுக்குள்ள போச்சுடா."

"அது நல்ல படகும்மா. குளிர்ல விரிசல் விட்டுடும்."

"அப்ப போய்ட்டு வா மகனே. பாத்துப் போ. அடக்கிக்கிட்டு இரு."

மார்க்கோசி தொப்பியை எடுத்துக்கொண்டு கதவுவரை போனார். நின்றார். பள்ளிக்கூடத்தில் இருநூறு பிள்ளைகள், மருத்துவ நிலையத்தில் பிரசவத்துக்குக் காத்திருக்கும் இரண்டு பெண்கள். "யோசிக்கிறேன்" என்றார்.

"யோசி. நானும் யோசிக்கிறேன்."

அன்று மாலையே வானொலியில் செய்தி வந்துவிட்டது: நாளை விடிகாலை லாரி ஆற்றைக் கடக்கும், எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும். கேரேஜைப் பற்றிப் பேச்சில்லை. ஜெய்பூட்டி கொதித்தான். ஆனால் மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்தால் அந்த இரண்டு பிரசவங்களும் தன் தலையில் விழும் என்றும் தெரிந்தது. தவிர, லாரியை ஆற்றில் இறக்கிப் பார்க்க அவனுக்கே கை துறுதுறுத்தது.

மேற்குக் கரையில் குச்சி நட்டுக்கொண்டிருந்தபோது பாலம் விழுந்ததால் ஒடிலும் இக்கரையிலேயே தங்கியிருந்தாள். அவளிடம் போய்க் கேட்டான்.

"காலையில தண்ணி இறங்குமா?"

"நதியின் பழைய வழக்கம் அது" என்றாள் ஒடில். "ஆனால் இப்பொழுது இரவிலும் மேலே உறையவில்லை. இறங்குமோ இறங்காதோ, அறியேன்."

"அறியேன்னா இறங்கும்னு அர்த்தமா?"

"அறியேன் என்றால் அறியேன் என்று பொருள். தாங்கள் சில நாள் பொறுத்தல் நலம்."

"நான் பொறுப்பேன். கிழக்க பொறுக்க மாட்டாங்க."

வெறும் வண்டியை வெள்ளம் தூக்கிவிடும், பாரம் வேண்டும் என்று ஊலூசி வாக்கிடாக்கியில் சொன்னாள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த வண்டியில் ஏற்ற வேறு பாரம் ஏது? மேற்குக்கரையின் இருபது வீட்டையும், அதற்கு வந்துபோன சொந்தங்களின் நினைவையும் சேர்த்து உறிஞ்சி, டாங்கி முட்ட நிரப்பிக்கொண்டான்.

விடிந்தபோது இரண்டு கரையிலும் ஊர் முழுக்க நின்றது. ஃபிளாஸ்கில் தேநீர், சிலர் மடக்கு நாற்காலி. தெற்குக் காற்று வெதுவெதுவென்று அடித்தது; ஒருவரும் கையுறை போடவில்லை. அது நல்ல சகுனமல்ல என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கரையில் ஊலூசி மண்வாரி வண்டியில் இரும்புக் கம்பிவடத்தைச் சுற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆற்றுமுகத்துக்குக் கீழே மார்க்கோசி தன் படகில் நின்றார், லாரி கவிழ்ந்தால் ஆளைப் பிடிக்க. வேறு இளந்தாரிகள் வருகிறோம் என்றார்களாம். "எங்கம்மாவ நான்தான் எடுப்பேன்" என்று விரட்டிவிட்டாராம்.

கடல் வற்றிச் சேற்றுத்திட்டு வெளியே வந்தது. ஆறு வற்றவில்லை. சாம்பல் நிறத்தில், உருட்டுக்கற்களைக் கடகடவென்று புரட்டிக்கொண்டு, நேற்று எப்படி ஓடியதோ அப்படியே ஓடியது. ஒடில் கடைசியாக மிச்சமிருந்த குச்சியை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"ஆறு இறங்கலையேடா மகனே" என்றான் ஜெய்பூட்டி வாக்கிடாக்கியில்.

"இறங்கும், இறங்கும். நீ உள்ள வரத்துக்குள்ள இறங்கிடும்."

"அதுக்கு நீ சொல்லி வச்சிருக்கியா?"

லீத்தியா சன்னலருகே வந்தாள். "யோவ். செத்துத் தொலைச்சிடாத. அந்த வண்டிக்குள்ள செத்தா உன்னைக் கழுவ ஒருத்தரும் வர மாட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு அவன் கையை நறுக்கென்று கிள்ளினாள். கண் கலங்கியிருந்தது.

இறக்கினான். முதல் பாதி வெண்ணெய் மாதிரிப் போனது. தண்ணீர் அச்சளவுக்கு வந்தது, கதவடிக்கு வந்தது, பாரம் வண்டியைக் கெட்டியாக அமுக்கிப் பிடித்துக்கொண்டது. இரண்டு கரையும் கூவியது. ஜெய்பூட்டிக்குப் பாட்டே வந்துவிட்டது. பாட்டின் இரண்டாவது அடியில் லாரியின் மூக்கு மடக்கென்று கீழே போனது.

எந்த ஊர்க்காரனைக் கேட்டாலும் அங்கே தட்டையான கூழாங்கல் திட்டு என்றுதான் சொல்வான். போன வாரம்வரை அது உண்மை. வெள்ளம் திட்டை வாரிக்கொண்டு போய், அந்த இடத்தில் ஓர் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி வைத்திருந்தது. எஞ்சின் ஒரு குமிழி விட்டு அணைந்தது. ஜெய்பூட்டி சன்னல் வழியாக ஏறி டாங்கியின் மேல் குதிரைச் சவாரி மாதிரி உட்கார்ந்துகொண்டான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். அவனுக்கு இரண்டு காலும் கழிவின் மேல். பின்னால் கடல் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது.

மார்க்கோசி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அக்கரைக்குப் படகை விட்டு ஊலூசியிடம் கம்பிவடத்தை வாங்கிக்கொண்டு, எதிர்த்து வரும் வெள்ளத்தில் எகிறி எகிறி லாரியிடம் வந்தார். இடுப்பளவு தண்ணீரில் தொங்கி, மூன்று தரம் தவறி, நாலாம் தரம் வண்டியின் முன்கொக்கியில் மாட்டிவிட்டார். பிறகு வெள்ளத்துக்கு மறைவாக லாரியின் கீழ்ப்பக்கம், பின்மூலையில் படகை ஒட்டி நிறுத்திக்கொண்டார்.

ஊலூசி இழுத்தாள். மண்வாரி கரையில் பள்ளம் பறித்ததே தவிர லாரி அசையவில்லை. "ரொம்ப கனம்! வால்வைத் திற! கொட்டிடு!" என்று கத்தினாள்.

வால்வு பின்பக்கம் இருந்தது. ஜெய்பூட்டி ஊர்ந்து போய்ப் பிடியைத் தொட்டான். அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

"மகனே, கேரேஜ்?"

"சாகப் போற நேரத்துல கேரேஜா! திறம்மா!"

"வானொலிக்காரங்க இதை ஒலிபரப்புறாங்களா ஊலூசி?"

"அப்படியே போகுது. ஊரே கேக்குது" என்றாள் ஊலூசி. "தலைவர் என்ன சொல்றார்னுதான் எல்லாரும் காத்திருக்கோம்."

தண்ணீர் டாங்கியின் பாதிவரை வந்துவிட்டது. மார்க்கோசி வானத்தைப் பார்த்தார். "எடுத்துக்கோ! கேரேஜ எடுத்துக்கோ! என் படகு வெளியவே கிடந்து நாசமா போகட்டும்! இப்ப திற!"

இரண்டு கரையும் கைதட்டியது. ஜெய்பூட்டி பிடியில் கைவைத்துக் கீழே பார்த்தான். வால்வின் வாய் நேராகப் படகைப் பார்த்து நின்றது.

"டேய், தள்ளிப் போடா! உன் மேலதான் கொட்டும்!"

"நான் தள்ளிப் போய் நீ வழுக்கி விழுந்தா யாரு புடிக்கிறது?" மார்க்கோசி இரண்டு கையாலும் லாரியின் ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினார். "திற!"

இவ்வளவு நாள் அம்மா அம்மா என்று கூப்பிட்டதை ஜெய்பூட்டி ஒரு விளையாட்டாகத்தான் வைத்திருந்தான். மூடிய கண்ணோடு ஏணியைக் கட்டிக்கொண்டு நின்ற அந்தக் கிழவனைப் பார்த்தபோது பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டான். ஆனால் வேறு வழியில்லை. திறந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த ஊரில் சின்னப் பிள்ளைகூட நடித்துக் காட்டும். ஆறு மட்டும் சற்றும் கவலைப்படவில்லை. வந்ததையெல்லாம் வாரிக்கொண்டு கடலுக்குப் போனது. லேசான லாரி ஒரு துள்ளு துள்ளிப் பள்ளத்திலிருந்து எழுந்தது, மண்வாரி உறுமியது, ஜெய்பூட்டி கிழக்குக் கரையில் வந்து இறங்கினான். பின்னாலேயே படகும் வந்தது. அதிலிருந்து இறங்கியவரை அவருடைய நாய் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கழுவிக்கொள்ளலாம் என்றால் கிழக்கே எந்த வீட்டிலும் குழாயில் தண்ணீர் வராது. ஊலூசி தன் லாரியின் ஹோஸை எடுத்துக்கொண்டு வந்தாள். "அசையாம நில்லுங்க தலைவரே. ரொம்ப நாளா இந்தத் தண்ணிய எங்க ஊத்துறதுன்னு தெரியாம இருந்தேன்" என்று, தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் பீய்ச்சினாள்.

லாரி காய்ந்து எஞ்சின் மறுபடி உயிர்பெற மாலையாகிவிட்டது. முதலில் மருத்துவ நிலையம், பிறகு பள்ளிக்கூடம், பிறகு தலைவர் வீடு. ஒவ்வொரு சிவப்பு விளக்கும் அணைய அணையத் தெருவில் ஆட்டமும் பாட்டமும். டாங்கி நிறைந்தது. ஜெய்பூட்டி வண்டியைத் திருப்பினான். பத்தடி போய் நிறுத்தினான். வாக்கிடாக்கியை எடுத்தான்.

"மகனே, இதை எங்க கொட்டுறது?"

கழிவுக்குளம் மேற்கே இருக்கிறது. இது தலைவருக்குத் தெரியும், ஊலூசிக்குத் தெரியும், மேலதிகாரிகளுக்குத் தெரியும், புட்டியில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஒருவருக்கும் தோன்றவில்லை. தான் மட்டும் என்ன யோக்கியம் என்று ஜெய்பூட்டி தன்னையே நொந்துகொண்டான். தினம் இரண்டு தரம் அங்கே போகிறவன் அவன்தானே.

அன்று வானொலியில் ஊர்சபை கூடியது. எங்கே குழி வெட்டலாம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து: என் வீட்டுப் பக்கம் வேண்டாம். கடைசியில் படகில் வந்து சேர்ந்த ஒடில், ஏரிப் பக்கம் நீர் வடியாத சரிவாகப் பார்த்து, குப்பைமேட்டுக்கு அப்பால் ஒரு கற்பாங்கான இடத்தைக் காட்டினாள். காற்று அடித்தால் அங்கிருந்து நாற்றம் முதலில் பாதிரியார் வீட்டுக்குத்தான் போகும். அவர் மன்னிக்கிறவர் என்று சபை முடிவு செய்தது.

படகேறி வீட்டுக்குப் போய்வர ஒருநாள்கூட ஓய்வு கிடைக்காமல் ஜெய்பூட்டி ஒன்றரை மாதம் மார்க்கோசியின் வீட்டுச் சோபாவில் படுத்தான். லாரி கேரேஜில் படுத்தது. மார்க்கோசி தினமும் ஒரு தடவை வெளியே போய்த் தன் படகைத் தடவிக் கொடுத்துவிட்டுப் பெருமூச்சோடு உள்ளே வருவார். ஆனால் சாப்பாட்டில் கொழுப்புத் துண்டு ஜெய்பூட்டிக்குத்தான். இப்போது அதை வாங்கும்போது அவனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஒருநாள் பாதியை வெட்டித் திருப்பி வைத்தான். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று பதறிவிட்டார் கிழவர்.

மேற்குக்கரைக்காரர்கள் போனில் அவனைத் திட்டினார்கள். தொட்டி நிறைந்து, கக்கூசுக்குப் பதில் வாளியில் போகும் பழைய காலம் இருபது வீட்டிலும் திரும்பி வந்துவிட்டது. லீத்தியா மட்டும் திட்டவில்லை. நீ இல்லாமல் வீடு மணக்கிறது என்றாள்.

ஒடில் அந்த வருடம் ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் கேரேஜுக்கு வந்தாள். உடைந்த குச்சிகளைக் கட்டாகக் கட்டி வைத்திருந்தாள்.

"அடுத்த வருசமும் இப்படித்தானா?" என்றான் ஜெய்பூட்டி.

"சில ஆண்டுகள் நதி பெருகும். பனியாறு உருக உருகப் பெருகும். பின்பு பனியாறு சிறுத்துவிடும். அப்பொழுது நதியும் சிறுக்கும்."

"எவ்வளவு?"

"குழந்தைகள் தாண்டிக் குதிக்கும் அளவு."

"அப்ப புதுசா கட்டப் போற பெரிய பாலம்?"

"நிற்கும். அடியில் நீர் இராது."

ஜெய்பூட்டி சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றது. "ஏரி?"

"ஏரியும் அதே மலையின் பனியைக் குடித்து வாழ்கிறது" என்றாள் ஒடில். பிறகு, புத்தகத்தில் இல்லாத ஊர்ப்பேச்சு ஒன்றை யாரிடமோ கற்றிருந்தாள் போல. "ரொம்ப மோசம்தான், என்ன பண்றது" என்றாள்.

கப்பலில் வந்த இரும்புத் துண்டுகளை ஆற்றின் மேற்பகுதியில் பாறை இறுகிய இடத்தில் பூட்டி, அக்டோபர் நடுவில் தற்காலிகப் பாலம் போட்டார்கள். பொருத்த வந்த ஆட்கள் சுற்றிலும் பனி கிடப்பதையும் நடுவில் ஆறு இன்னும் உறையாமல் ஓடுவதையும் பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள். ஜெய்பூட்டி லாரியோடு மேற்கே வந்தான். வீட்டுக்குப் போகலாம் என்றால் முதல் வீட்டிலேயே பிடித்துக்கொண்டார்கள், அங்கிருந்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. லீத்தியா கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்து லாரியில் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் ஒரு சட்டியில் வேகவைத்த சீல் கறி.

"மிச்சம் எத்தனை வீடு?"

"நாலு."

"ஓட்டு. போற வழியில சாப்பிடலாம்" என்று ஒரு துண்டை எடுத்து அவன் வாயில் திணித்தாள். "மெலிஞ்சு போயிருக்க. உன் பையன் உனக்கு ஒழுங்கா சோறு போடலையா?"